தற்காலிகக் கோப்புகளால் திணறும் மலை மாவட்ட டி.டி.பி. மையங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நீலகிரி மாவட்டத்தில் கணினியில் தட்டச்சும் பக்க அமைப்பும் செய்துதரும் சிறிய டி.டி.பி. மையங்களிலும் அச்சகங்களிலும் மழைக்காலம் தோறும் ஒரே முறையீடு கேட்கிறது. படங்களைத் திருத்தும் போட்டோஷாப் பாதி வேலையில் நின்றுவிடுகிறது. பக்கங்களை அமைக்கும் பேஜ்மேக்கரில் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போக வெகுநேரம் ஆகிறது. அச்சுக்குக் கொடுத்த கோப்பு அச்சுப்பொறிக்குப் போய்ச் சேர்வதில்லை. மலைக் குளிரிலும் ஈரத்திலும் கணினி கெட்டுவிட்டது என்று உரிமையாளர் முடிவுகட்டுகிறார், புதியது வாங்கிவிடுங்கள் என்று பழுது பார்க்க வந்தவரும் சொல்லிவிட்டுப் போகிறார், கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடித்துப் பிழைக்கும் ஒரு கடைக்கு மேலும் ஒரு கடன் ஏறுகிறது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் பல ஆண்டுகளாகப் பக்க வடிவமைப்பு செய்துவருபவன் என்ற முறையில், இப்படி ஒதுக்கப்படும் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பழுது ஏதும் இல்லை என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். மென்பொருள் தன் இடைவேலையை எழுதிவைக்க இடமில்லாமல் திணறுகிறது. அந்த இடம் எங்கே இருக்கிறது என்பதைப் பயிற்சி மையங்கள் சொல்லித் தருவதில்லை.

ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தை அறிந்த பெரியவர்கள் இன்னும் நம் அச்சகங்களில் இருக்கிறார்கள். கோப்பவர் கையில் பிடித்திருக்கும் ஸ்டிக் என்னும் சிறு தட்டில் சில வரிகள்தாம் நிற்கும். நிறைந்ததும் அவற்றைக் கேலி என்னும் பெரிய தட்டில் இறக்கிவைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார். கேலிகள் எல்லாம் நிறைந்துவிட்டால் கை நின்றுவிடும். இன்றைய கணினியில் ஸ்டிக்கின் வேலையை ரேம் என்னும் நினைவகம் செய்கிறது, கேலியின் வேலையை வன்தட்டில் மென்பொருள் தானாக உண்டாக்கிக்கொள்ளும் தற்காலிகக் கோப்பு செய்கிறது. போட்டோஷாப்பில் இதற்கு ஒதுக்கும் வட்டை ஸ்கிராட்ச் டிஸ்க் என்கிறோம். நாம் சேமிக்கும் கோப்புக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. நாம் சேமித்தாலும் சேமிக்காவிட்டாலும், படத்தைத் திறந்த கணத்திலிருந்து இது வளர்ந்துகொண்டே போகும்; மென்பொருளை முறையாக மூடும்போது தானே அழிந்துவிடும்.

எவ்வளவு வளரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். ஒரு ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வைத்தால் 2480-க்கு 3508, அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகள் வருகின்றன. நான்கு வண்ண அச்சுக்கான சி.எம்.ஒய்.கே. முறையில் ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பைட்டுகள் வேண்டும் என்பதால், ஒரே அடுக்குள்ள (லேயர்) அந்தப் பக்கம் ஏறக்குறைய 35 எம்.பி. பிடிக்கும். அது வட்டில் சுருக்கிச் சேமித்த 3 எம்.பி. ஜேபெக் கோப்பாக இருந்தாலும் திறந்தபின் 35 எம்.பி.தான். போட்டோஷாப் நாம் செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதற்காக ஹிஸ்டரியில் வைத்திருக்கிறது. அண்மைப் பதிப்புகளில் இயல்பாகவே 50 படிகள். சிறு தூரிகைக் கோடு என்றால் மாறிய பகுதி மட்டுமே எழுதப்படும், ஆனால் வண்ணத் திருத்தமோ கூர்மையாக்கும் பில்டரோ படம் முழுவதையும் தொடுவதால் ஒவ்வொரு முறையும் இன்னொரு 35 எம்.பி. சேரும். பதினைந்து தடவை அப்படிச் செய்தால் அரை ஜிபி. இது ஒரே ஒரு பக்கத்துக்கு.

மே மாதத்தில் உதகை மலர்க் காட்சியும் குன்னூர் சிம்ஸ் பூங்கா பழக் காட்சியும் கோத்தகிரி காய்கறிக் காட்சியும் நெருங்கும்போது மேடைப் பின்திரை வேலைகள் வரும். பத்தடிக்கு எட்டடி அளவைப் புத்தகத்துக்கு வைப்பதுபோல் 300 புள்ளியிலேயே திறந்து உட்காருகிற ஆபரேட்டர்களை இன்றும் பார்க்கிறேன். அந்த அளவில் 36,000-க்கு 28,800 புள்ளிகள், சி.எம்.ஒய்.கே.யில் 4 ஜிபிக்கு மேல், அதுவும் ஒரே அடுக்குக்கு. அகலமோ உயரமோ 30,000 புள்ளியைத் தாண்டினாலோ கோப்பு 2 ஜிபியைத் தாண்டினாலோ போட்டோஷாப்பின் சாதாரண பி.எஸ்.டி. வடிவில் சேமிக்கவும் முடியாது. பத்தடி தள்ளி நின்று பார்க்கப்படும் திரைக்கு 72 புள்ளி போதும். அப்போது அதே வேலை சுமார் 240 எம்.பி.யில் முடிந்துவிடும். கணினியை மாற்றாமலே வேலை பதினேழு மடங்கு இலேசாகிறது.

இவை எல்லா ஊருக்கும் பொருந்துபவைதாமே, நீலகிரியைத் தனியாகச் சொல்வானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் மின்தடை. ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், எமரால்டு, அவலாஞ்சிப் பக்கங்களில் கொட்டுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது நம் நினைவில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளின் முறை. கற்பூர மரமும் சீகை மரமும் மின்கம்பியில் சாய்வதும் மின்சாரம் வருவதும் போவதுமாக இருப்பதும் அப்போது அன்றாட நிகழ்ச்சி. போட்டோஷாப் திறந்திருக்கும்போது மின்சாரம் போனால், முறையாக மூடப்படாத அந்த மென்பொருளின் தற்காலிகக் கோப்பு பல நேரங்களில் வட்டிலேயே தங்கிவிடுகிறது. மறுபடி திறந்தால் புதிதாக ஒன்று உண்டாகும். ஒரு மழைக்காலத்தில் இப்படிச் சேரும் அநாதைக் கோப்புகள்தாம் கார்த்திகைக்குள் சி டிரைவை நிரப்பிவிடுகின்றன. ஈரமும் கணினிக்குக் கேடு செய்யும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஈரத்தால் கெட்ட கணினி ‘ஸ்கிராட்ச் வட்டு நிரம்பிவிட்டது’ என்று திரையில் எழுதிக் காட்டாது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு டி.டி.பி. மையத்தில் சென்ற ஆண்டு நான் கண்டதை இங்கே சொல்வது பயன்படும். ஒரு பள்ளியின் ஆண்டு மலர், 96 பக்கம், அதாவது ஒரே தாளில் அச்சாகும் பதினாறு பக்கத் தொகுதியான பாரம் ஆறு. வகுப்புவாரியாக எடுத்த குழுப் படங்களைப் பன்னிரண்டுக்கு எட்டு அங்குலப் பிரதிகளிலிருந்து 600 புள்ளியில் ஸ்கேன் செய்திருந்தார்கள். ஒவ்வொன்றும் திறந்தால் 100 எம்.பி.க்கு மேல். ஐந்தாறு படங்களை ஒருசேரத் திறந்ததும் வட்டு நிரம்பிய செய்திப் பெட்டி வந்தது. ‘ஓகே’ அழுத்தினால் பெட்டி மறைந்து, அடுத்த சொடுக்கில் மீண்டும் வந்தது. அந்தப் பெண் ஆபரேட்டர் பெட்டியை மூடுவதும் அது திறப்பதுமாகவே ஒரு மணி நேரம் போராடியிருந்தார். மை கம்ப்யூட்டரைத் திறந்தால் சி டிரைவின் நீலப் பட்டை சிவப்பாக மாறியிருந்தது, பக்கத்திலேயே டி டிரைவ் முக்கால்வாசி காலி. விண்டோஸ் விசையுடன் ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் டெம்ப் என்ற சொல்லை இருபுறமும் சதவீதக் குறியிட்டுத் தட்டியதும் தற்காலிக ஃபோல்டர் திறந்தது. அதில் ‘போட்டோஷாப் டெம்ப்’ என்று தொடங்கி எண்ணில் முடியும் கோப்புகள் வரிசையாகக் கிடந்தன. தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தபோது, மிகப் பெரியவை எல்லாம் காற்றும் மழையும் கடுமையாக இருந்த நாட்களின் தேதிகளைத் தாங்கியிருந்தன. மென்பொருள்களை எல்லாம் மூடிவிட்டு அவற்றை அழித்ததும் சி டிரைவில் இடம் பிறந்தது. ஸ்கிராட்ச் டிஸ்கை டி டிரைவுக்கு மாற்றி, படங்களை அச்சாகும் அகலத்துக்கு 300 புள்ளியில் குறைத்துக்கொண்டு, அன்று மாலையே அவர் அட்டையை முடித்தார். ஸ்கேன் தெளிவைப் பாதியாக்கினால் படத்தின் கனம் கால்பங்காகும் என்பது அந்த மையத்தில் அதுவரை யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அழிப்பதில் ஒரு எச்சரிக்கை உண்டு. மின்சாரம் வந்தவுடன் டெம்ப் ஃபோல்டரைத் துடைப்பது தவறு. போட்டோஷாப்பும், வடிவமைப்பு மென்பொருள்களான இன்டிசைன், கோரல்டிரா ஆகியவையும் பாதியில் நின்ற வேலையை மீட்பதற்கான கோப்புகளைத் தனியே எழுதிவைக்கின்றன. முதலில் அந்தந்த மென்பொருளைத் திறந்து, மீட்டுக் கொடுக்கும் வேலையை வேறு பெயரில் சேமித்துவிட்டு, மென்பொருளை மூடி, அதன் பின்பே மிச்சத்தை அழிக்க வேண்டும். திறந்திருக்கும் மென்பொருளின் தற்காலிகக் கோப்பில் கைவைக்கவே கூடாது.

டெஸ்க்டாப்பில் வைக்கும் கோப்பு எந்த டிரைவிலும் சேராதது என்று பலரும் எண்ணுகிறார்கள். டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும் சி டிரைவின் பகுதிகளே. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள், பென் டிரைவிலிருந்து இறக்கும் கல்யாண ஆல்பங்கள் எல்லாம் அங்கேதான் குவிகின்றன. நூறு ஜிபி அளவில் பிரிக்கப்பட்ட சி டிரைவில் விண்டோஸும், ரேம் போதாதபோது அது பயன்படுத்தும் மெய்நிகர் நினைவகக் கோப்பும், அச்சுக்குக் காத்திருக்கும் கோப்புகளும், டெம்ப் ஃபோல்டரும், போட்டோஷாப்பின் ஸ்கிராட்ச் கோப்பும் ஏற்கெனவே இடம் பிடித்துள்ளன. அதற்கு மேல் ஆல்பங்களையும் ஏற்றினால், முதலில் மூச்சு முட்டுவது போட்டோஷாப்புக்குத்தான். போட்டோஷாப் திறக்கவே மறுக்கும் நிலை வந்தால், அதன் சின்னத்தைச் சொடுக்கியவுடன் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்திருந்தால் ஸ்கிராட்ச் வட்டைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி முதலிலேயே வரும். காலியுள்ள டிரைவைக் காட்டிவிட்டு உள்ளே போகலாம். இதை அறியாமல் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவியவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். சியும் டியும் ஒரே வன்தட்டின் இரு பிரிவுகள் என்றால் இடப் பிரச்சினை தீருமே ஒழிய வேகம் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பென் டிரைவை ஸ்கிராட்ச் வட்டாக வைப்பதோ அறவே கூடாது.

நினைவகத்தைப் பொறுத்தவரை, போட்டோஷாப் தனக்குக் கிடைக்கும் ரேமில் இயல்பாக 70 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். வேகம் கூடும் என்று அதை நூறுக்குத் தள்ளிவைக்கிறார்கள். அப்படிச் செய்தால் விண்டோஸுக்கும் பக்கத்தில் திறந்திருக்கும் பேஜ்மேக்கருக்கும் இடமில்லாமல் போய், அவை வன்தட்டை நாடுகின்றன. அதே நேரத்தில் போட்டோஷாப்பும் அதே வன்தட்டில் எழுதிக்கொண்டிருக்கும். வன்தட்டில் எழுதிப் படிக்கும் முள் இரண்டு பக்கமும் ஓடி, கணினி முன்னைவிட மெதுவாகும். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் இரண்டையும் சேர்த்துத் திறக்கும் வழக்கம் இருந்தால் 60 சதவீதத்துக்கு இறக்குவதே நல்லது. ஒரு படத்தை முடித்துச் சேமித்துவிட்டு அடுத்ததற்குப் போகும்முன் எடிட் பட்டியிலுள்ள ‘பர்ஜ்’ கட்டளையால் ஹிஸ்டரியையும் கிளிப்போர்டையும் காலி செய்தால் நினைவகம் உடனே விடுபடும். அதன்பின் பழைய படிக்குத் திரும்ப முடியாது என்பதை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும். ரேமைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி இலவசமாகக் கிடைக்கும் சிறு மென்பொருள்களை நிறுவுவதையும், விண்டோஸின் மெய்நிகர் நினைவகத்தை அடியோடு நிறுத்திவிடுவதையும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். இரண்டும் பெரிய கோப்பு வந்த அன்று ஆபரேட்டரைக் கைவிட்டுவிடும்.

பேஜ்மேக்கரைப் பற்றித் தனியே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சான நம் கோயில் மலர்களும் சங்க அறிக்கைகளும் இன்னும் அதில்தான் இருக்கின்றன. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளியானது 2001-இல். அது 32 பிட் மென்பொருள். அதனால் கணினியில் 16 ஜிபி ரேம் போட்டாலும் அதில் மிகச் சிறு பகுதியையே அதனால் தொட முடியும். பேஜ்மேக்கர் மெதுவாக இருக்கிறது என்பதற்காக ரேம் வாங்குவது வீண் செலவு. கவனிக்க வேண்டியது வேறு. 256 கே.பி.க்கு மேற்பட்ட படத்தைப் பக்கத்தில் வைக்கும்போது, படத்தின் முழுப் பிரதியையும் கோப்புக்குள்ளேயே சேர்க்கட்டுமா என்று பேஜ்மேக்கர் கேட்கும். நம்மவர்கள் படிக்காமலே ‘எஸ்’ அழுத்துகிறார்கள். நாற்பது படம் உள்ள மலரில் நாற்பது முறை ‘எஸ்’ அழுத்தினால், 2 எம்.பி.யில் நிற்க வேண்டிய கோப்பு நூற்றுக்கணக்கான எம்.பி.க்கு வீங்கிவிடும். பக்கம் திருப்பும்போதெல்லாம் பேஜ்மேக்கர் தானாக ஒரு சிறு சேமிப்பைச் செய்கிறது. வீங்கிய கோப்பில் பக்கம் நகர மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ‘நோ’ என்று சொல்லி, படங்களையும் பக்கக் கோப்பையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, அச்சுத் தகடு (பிளேட்) போடும் இடத்துக்கு அந்த ஃபோல்டரையே முழுதாக அனுப்பினால் போதும். மேலும், வெறும் ‘சேவ்’ மட்டும் செய்துவந்தால் அழித்த பகுதிகளின் மிச்சமும் கோப்புக்குள் தங்கிவிடும். நாளுக்கு ஒருமுறை ‘சேவ் ஆஸ்’ செய்தால் கோப்பு சுருங்கும். அந்தச் சிறு சேமிப்பால் நன்மையும் உண்டு: ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஃபைல் பட்டியில் ‘ரிவர்ட்’ கொடுத்தால், கடைசியாகப் பக்கம் திருப்பிய இடத்துக்குத் திரும்பலாம்.

இவ்வளவும் இலவசமாகச் செய்யக்கூடியவை. ஆனால் நடப்பது என்ன? பழுது பார்ப்பவர் கோயம்புத்தூரிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ மலையேற வேண்டும். 2009 நவம்பரில் நேர்ந்ததுபோல் நிலச்சரிவில் சாலை அடைபட்டால் அதுவும் இல்லை. வந்தவர் நேரமின்மையால் சி டிரைவை ஃபார்மட் செய்துவிட்டுப் போகிறார். தற்காலிகக் கோப்புகளோடு டெஸ்க்டாப்பில் இருந்த வேலைகள், ஆண்டுக்கணக்கில் சேர்த்த தமிழ் எழுத்துருக்கள், பழகிய விசைப்பலகை மென்பொருள் எல்லாம் போய்விடுகின்றன. எழுத்துரு போனால் பழைய கோப்பைத் திறந்தாலும் தமிழ் தெரியாது, ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் தெரியும். ஹட்டி எனப்படும் படகர் ஊர் ஒன்றின் ஹெத்தையம்மன் பண்டிகை நோட்டீசை ஆண்டுதோறும் தேதி மட்டும் மாற்றி அடித்துவந்த கடை, அந்த ஆண்டு அதை முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியதாகிறது. ஆகவே யாரை அழைத்தாலும், ஃபார்மட் செய்யும் முன் எழுத்துரு ஃபோல்டரையும் டெஸ்க்டாப்பையும் டி டிரைவில் நகலெடுத்துவிட்டீர்களா என்று கேளுங்கள்.

செலவு செய்துதான் ஆக வேண்டும் என்றால், முழுக் கணினிக்குப் பதிலாக 250 ஜிபி அளவிலான, சுழலும் பாகம் இல்லாத ஓர் எஸ்.எஸ்.டி. வட்டைத் தனியாகச் சேர்த்து, ஸ்கிராட்ச் கோப்புக்கும் டெம்ப் ஃபோல்டருக்கும் ஒதுக்குவதைப் பரிந்துரைக்கிறேன். பழைய சுழலும் வன்தட்டு நொடிக்கு 100 முதல் 150 எம்.பி. எழுதும் இடத்தில், சாட்டா வகை இணைப்புள்ள சாதாரண எஸ்.எஸ்.டி. 500 எம்.பி. வரை எழுதும். எழுதி எழுதியே எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. 150 டெராபைட் வரை எழுத உறுதியளிக்கப்பட்ட 250 ஜிபி வட்டுகள் கிடைக்கின்றன. நாள்தோறும் 40 ஜிபி எழுதினாலும் அதை எட்டப் பத்து ஆண்டுகள் ஆகும். அடுத்த செலவு யு.பி.எஸ். மலையில் அது ஆடம்பரம் இல்லை. வேலையைச் சேமித்து மென்பொருளை முறையாக மூடப் பத்து நிமிடம் கொடுத்தாலே, அநாதைக் கோப்பு பிறக்க வழியில்லாமல் போகும். பேட்டரி செத்த யு.பி.எஸ்.ஸை மேஜைக்கடியில் வைத்திருக்கும் கடைகள், இந்த மழைக்கு முன் அதை மாற்றிவிட வேண்டும்.

எனது வேண்டுகோள் முதலில் நம் மாவட்டத்துப் பயிற்சி மையங்களுக்கு. தட்டச்சும் கருவிப் பட்டையும் கற்பிப்பதோடு, டிரைவில் எவ்வளவு இடம் காலி என்று பார்ப்பது, ஸ்கிராட்ச் வட்டை மாற்றுவது, டெம்ப் ஃபோல்டரை எப்போது, எப்படிக் காலி செய்வது ஆகியவற்றை ஒரே ஒரு வகுப்பில் செய்துகாட்டுங்கள், தேர்விலும் கேளுங்கள். அடுத்து, ஆண்டு மலரும் ஆண்டறிக்கையும் அச்சிடக் கொடுக்கும் பள்ளிகள், தேயிலைக் கூட்டுறவு நிறுவனங்கள், ஊர்ச் சங்கங்களுக்கு: படங்களைக் கடைசி வாரத்தில் மொத்தமாகக் கொட்டாமல் பாரம் பாரமாகக் கொடுத்தால், சிறிய கணினியிலும் வேலை தடையின்றி நடக்கும். தங்கள் நாளிதழ் ஜூன் பிறக்கும் முன் இக்கடிதத்தை வெளியிட்டால், இந்த மழைக்காலத்தில் சில கடைகளாவது புதுக் கணினிக்குக் கடன் வாங்குவதற்கு முன் தங்கள் டெம்ப் ஃபோல்டரைத் திறந்து பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
பக்க வடிவமைப்பாளர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.